மன்றாட்டுத் துண்டுகள்

சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும்
சங்கக்கடை மேசையில் பழைய பால்மாப் பேணியொன்று இருக்கும்.
மன்றாட்டுகளை அதற்குள் போடுவார்கள்.
ஞாயிறு பூசையில் வாசிப்பது நான்.
பீடிக்கட்டுத் தாள், பற்றுச்சீட்டின் பின்பக்கம்,
பிள்ளையின் கொப்பியில் கிழித்த இரட்டைறூள்.
கடவுளுக்கு எழுதவென்று ஒருவரும்
புதுத்தாள் வாங்குவதில்லை.

மாசிக் கடைசி.
கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலோரம்
எமிலியானுஸின் நெல் தார்வீதியில் கிடக்கிறது,
பாதி வீதி அவருக்கு, பாதி பஸ்ஸுக்கு.
ஈரம் பதினாலுக்கு மேலென்றால்
களஞ்சியத்தில் எடுக்கமாட்டார்கள்.
அவருடைய துண்டு:
"மூன்று நாளைக்கு மழை வேண்டாம், ஆண்டவரே.
வங்கிக்காரன் புதன்கிழமை வாறான்."

அதற்குக் கீழே, விதைப்பையின் கிழிசலில்,
பெனடிற்றா.
அறுத்த வயலின் ஈரத்தை நம்பி
உழுந்து போட்டவள். இப்போது பூ.
"ஒரு மழை. ஒண்டே ஒண்டு காணும்."

இரவு இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிறுக்க மட்டும்தான் எனக்குத் தெரியும்.
ஒன்றை ஒளித்துவிடலாமா?
இரண்டையும் சேர்த்து
"நல்ல காலநிலைக்காக" என்று
வழவழவென்று ஒரு வசனம் எழுதலாமா?
பிறகு நினைத்தேன்:
கடவுளைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற
நான் ஆர்?

விண்ணப்பம் எழுதிப் பழகிய சனம் நாங்கள்.
வீட்டுத்திட்டத்துக்கு, காணிக்கு, காணாமற்போனவருக்கு,
மூன்று பிரதி, கிராம அலுவலர் ஒப்பம்.
செபத்தையும் அப்படித்தான் நினைத்திருந்தேன்,
முத்திரை ஒட்டத் தேவையில்லாத ஒன்றாக.
ஆனால் கேட்க முதலே தெரிந்தவருக்கு
எதற்கு எழுதிக் கொடுப்பது?
அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.
துண்டுகளை உள்ளபடியே கொண்டுபோனேன்.

முதலாவது, மழை வேண்டாம்.
"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."
பெனடிற்றாவின் வாயும் அசைந்தது, பழக்கத்தில்.
பாதியில் விளங்கி, தடக்கி,
மற்றவர்கள் அமர்ந்தபின்
"கேட்டருளும்" என்று முடித்தாள்.

இரண்டாவது, மழை வேண்டும்.
எமிலியானுஸ் இருமினார்.
முகட்டைப் பார்த்தார்.
அங்கே வௌவாலைத் தவிர ஒன்றுமில்லை.
கோயில் முழுதும் சொல்லி ஓய்ந்த பிறகு
தனியே, பிந்தி,
கடன் திருப்பித் தருகிறவர் குரலில்,
"எங்கள் மன்றாட்டை" என்றார்.

எங்கள்.

முதல்நன்மை எடுத்த நாளிலிருந்து
சொல்லிவருகிற சொல்.
அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திங்கள் பின்னேரம் மேற்கே கறுத்தது.
பெனடிற்றா சைக்கிளில் வந்தாள்.
கரியரில் தறப்பாள்,
முகாமில் கொடுத்தது, நீல எழுத்து மங்கிப்போய்.
"வானம் உன்ரை பக்கம் பிள்ளை, நீ ஏன் வந்தனி?"
"கதைக்காமல் அந்தத் தலைப்பைப் பிடியுங்கோ."
நானும் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன்.
மூவருமாக நெல்லைக் கூட்டிக் குவித்தோம்.
காற்று தறப்பாளைத் தூக்க
அதன்மேல் ஏறிக் குந்தியிருந்தாள் பெனடிற்றா,
தன் மழைக்கு எதிராக.

மழையா?
குளத்துக்கு அங்காலே எங்கேயோ கொட்டியது.
எங்களுக்கு நாலு துளி.
நெல்லுக்குக் கூட, உழுந்துக்குக் காணாது.

புதனன்று வந்த வங்கிக்காரன்
இன்னொரு திகதி எழுதிக்கொண்டு போனான்.
உழுந்துப் பூவில் பாதி கொட்டிவிட்டது.
நடந்ததைக் கூட்டிச் சொல்லவோ
குறைத்துச் சொல்லவோ எனக்கு விருப்பமில்லை.

அடுத்த சனி பேணியைக் கவிழ்த்தேன்.
எமிலியானுஸின் எழுத்து,
நெல் விற்ற சிட்டையின் முதுகில்:
"என்ன கேக்கிறதெண்டு தெரியேல்லை.
பெனடிற்றாவின்ரை பேரைப் போட்டிருக்கிறன்."

இதை எப்படி வாசிப்பது?

பெயரை மட்டும் வாசித்தேன்.
சனம் ஒரு கணம் பார்த்திருந்துவிட்டு
மறுமொழி சொன்னது.